ஞானமுத்து ஐயாவின் நெஞ்சும் ஒரு டின் தேயிலையும்

தேயிலைத் தொழிற்சாலையில் கழிந்த என் இருபத்தொன்பது வருடங்களைப் பற்றி உத்தியோகத்தர் மன்ற மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி இளைய டீமேக்கர்கள் இருவர் கேட்டுவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது. இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் என் மகள் ஜெயந்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டும். அவள் என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மறுபடியும் படபடப்பு வந்துவிடும்.

இப்போதைக்கு இவ்வளவு போதும். எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறது என்று டிஸ்பென்சரியில் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கதவுகூடச் சத்தத்தோடு சாத்தப்படவில்லை. ரேடியோ முணுமுணுத்தது. என் மனைவி ஒரே நாளில் மூன்று முறை நான் சொன்னதைச் சரி என்றாள். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் இதற்கு முன் வந்ததில்லை. மற்றவர்களாக இருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் அந்த அமைதியை நான் முன்பே அறிவேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு மனிதருக்கு எதிராக அதை உருவாக்கியவனே நான்தான்.

நான் வேலை பழகிய கதை சுருக்கமானது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், தொழிற்சாலையை எங்கள் மக்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள், எஸ்.எஸ்.சி. சான்றிதழைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய் நின்றேன். ஒரு வருடம் கொழுந்து நிறுத்தேன். ஒரு வருடம் தூள் சலிக்கும் அறையில் தும்மினேன். பிறகு உதவி டீமேக்கர் ஆனேன். தொழிலாளர்கள் என்னைச் சின்னையா என்றார்கள். டீமேக்கர் ஞானமுத்து ஐயா என்னை நோக்கோல் என்றார்.

ஞானமுத்து ஐயா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிறவர். கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. ஆனால் தேயிலை செய்கிறவனுக்குத் திட்டாமல் முடியுமா? அதனால் நுவரெலியாக் காய்கறிச் சந்தையை முழுசாக வாய்க்குள் வைத்திருந்தார். சின்னத் தவறு என்றால் லீக்ஸ். வேலை நேரத்தில் தூங்கினால் கோவா, அதாவது முட்டைக்கோஸ். சொன்னதைச் செய்யாமல் சொந்தப் புத்தியில் ஏதாவது செய்தால் நோக்கோல். பீட்ரூட் என்றால் ஆள் அன்றைக்கு அவர் கண்ணில் படக்கூடாது. அவிந்த உருளைக்கிழங்கு என்பதை அவரோடு இருந்த எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அது தோட்டத்தை நடத்தும் தொரைக்குக் கிடைத்தது, அவர் ஜீப் வளைவு திரும்பிய பிறகு.

காலையில் வாட்டு மாடிக்கு ஏறுவார். முந்தின நாள் பரப்பிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்குவார். விரலைத் திறந்ததும் உருண்டை மெல்ல, சோம்பலாக விரிய வேண்டும். சட்டென்று விரிந்தால் வாட்டம் போதாது. விரியாமலே கிடந்தால் கூடிவிட்டது. அப்புறம் ரோலர் அறை. அரைபட்ட கொழுந்தைக் குளிர்ந்த அறையில் மேசை மேல் பரப்பி ஈரத்துணி கட்டிவைப்போம். பச்சை நிறம் மாறிப் புதுச் செம்புக்காசு நிறம் வரும். அந்தக் கட்டத்தில் ஐயா இரண்டு கையாலும் தூளை அள்ளி முகத்தைப் புதைத்து மூச்சை இழுப்பார். கடிகாரம் சுவரில் தொங்கும், அதை அவர் மதித்ததே இல்லை. "போடு" என்றால் அடுப்பில் போட வேண்டும். அவர் போடு என்று சொல்லிப் பழுதான தேயிலையை நான் பார்த்ததில்லை.

அந்தப் பழக்கங்களோடு நாளைக்கு ஒன்றரைப் பக்கற் சிகரெட், எல்லாவற்றிலும் உப்பு, லீவே எடுக்காத பிடிவாதம். ஒரு பெரிய மழைக்காலத்தில் கொழுந்து வந்து குவிந்துகொண்டிருந்தபோது, வாட்டு மாடிப் படியில் பாதியில் நின்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வியர்வை. இடது கையைத் தூக்கிப் பார்த்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி," என்றார். நோக்கோல் என்று சொல்லாமல் தம்பி என்றதும்தான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

தோட்டத்து லொறியில் மெத்தையைப் போட்டுக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். ஹார்ட் அட்டாக்தான். வெளியே அனுப்பும்போது டாக்டர், ஐயாவின் மனைவியையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு, சிகரெட் கூடாது, உப்பு கூடாது, இரண்டு மாதம் வேலை கூடாது, மனதுக்கு அலைச்சல் தரும் எதுவும் கூடாது என்றார். மாத்திரையை ஐயாவின் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா, வாங்கிக்கொண்டார். கடைசி வாக்கியத்தை நான் வாங்கிக்கொண்டேன். தவறு அங்கேதான் ஆரம்பமானது.

ஐயாவின் பங்களா ஸ்டோருக்கு நேர் மேலே, மேட்டில். கத்தினால் கேட்கும், தும்மினால்கூடக் கேட்கும். அன்று சாயங்காலமே எல்லோரையும் ரோலர் அறைக்குக் கூப்பிட்டேன். "ஐயாவுக்கு ஒரு கெட்ட சேதியும் போவக்கூடாது. சத்தம் கூடாது. கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லணும்."

அடுப்பைப் பார்க்கும் மூக்கன் தலையைச் சொறிந்தார். முப்பது வருடம் அடுப்படியில் நின்ற மனிதர். "நல்லா இல்லாட்டி?"

"இல்லாட்டியும் நல்லாருக்கு."

"சரிங்க சின்னையா. பொய்யி சொல்லணும்னு நேராவே சொல்லிப்புடுங்களேன்."

நல்லாக இல்லை என்பதுதான் உண்மை. பிடியைத் திறந்தால் எனக்குக் கொழுந்து ஒன்றுமே சொல்லவில்லை. முகத்தைப் புதைத்தால் எனக்குத் தும்மல்தான் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துத் தேயிலை செய்தேன். அது கடிகாரம் செய்த தேயிலை மாதிரியே இருந்தது. கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவர்களிடமிருந்து வந்த குறிப்பில் 'உயிரில்லை' என்று ஒரே சொல் போட்டிருந்தார்கள். தொரை அதை என் முகத்துக்கு முன்னால் இரண்டு தடவை வாசித்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஐயா சொல்லியனுப்பினார்: தினமும் காலையில் முந்தின நாள் தேயிலையை ஒரு கோப்பை கொண்டுவா. மாட்டிக்கொண்டேன். இந்தச் சாயத்தைக் குடித்தால் மனிதர் அந்த இடத்திலேயே போய்விடுவாரே! அப்போதுதான் நினைவு வந்தது. அவர் விழுவதற்கு நாலு நாள் முன்பு, நல்ல வெயிலும் காற்றும் சேர்ந்த ஒரு நாளில் அவரே செய்த தேயிலை, ஈயத்தாள் ஒட்டிய ஒரு டின் நிறைய, மாதிரிகள் வைக்கும் அறையில் இருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

வெள்ளைப் பீங்கான் கெண்டியில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே கரண்டியால் உறிஞ்சினார். அந்த உறிஞ்சல் சத்தம் மட்டும் நோயாளியுடையது அல்ல. கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கு தம்பி."

துள்ளிக்கொண்டு இறங்கினேன். மறுநாளும் நல்லாருக்கு. மூன்றாம் நாள் உறிஞ்சிவிட்டு என்னையே பார்த்தார்.

"எந்த மலைக் கொழுந்து?"

"பத்தாம் நம்பருங்கய்யா."

"மழை பேஞ்சிச்சா?"

"தூறல்தாங்கய்யா."

"சரி," என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் நல்லாருக்கு என்ற ஒரே சொல். நானும் தினமும் கீழே போய், ஐயா சந்தோசமாக இருக்கிறார் என்று அறிவித்தேன்.

வாரத்துக்கு இரண்டு முறை தோட்டத்து டிஸ்பென்சர் வந்து பிரஷர் பார்த்தார். முதல் வாரம் பரவாயில்லை. இரண்டாம் வாரம் கூடியிருந்தது. மூன்றாம் வாரம் இன்னும் கூடியிருந்தது. டிஸ்பென்சர் மாத்திரையை எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. உப்பு ஜாடியை மோந்து பார்த்தார். "ஏதோ மனசுல கெடந்து அரிக்குது," என்றார்.

நாங்கள் என்ன முடிவுக்கு வந்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்? அமைதி போதவில்லை என்று! ஸ்டோர் மணியின் நாக்குக்குச் சாக்குத்துணி சுற்றினோம். அது மணி மாதிரி அடிக்காமல் யாரோ மெத்தையை உதைப்பதுபோல் அடித்தது. சலிக்கும் அறைப் பெண்கள் பங்களாவைக் கடக்கும்போது வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு போனார்கள். அப்படி அடைத்துக்கொண்டதாலேயே அவர்களுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்கியதால் விக்கல் வந்தது. மெக்கானிக் பியதாச பாஸ் தன் நாயை மச்சான் வீட்டுக்கு அனுப்பினார். உச்சக்கட்டம் லொறி. தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியை பங்களா வாசலில் இன்ஜினை நிறுத்தி, பதினைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் தள்ளிக்கொண்டு போனோம். நான் முன்னால் நடந்து கையால் வழி காட்டினேன். ஜன்னலில் திரை அசைந்ததைப் பார்த்தேன். ஐயா நன்றாக இளைப்பாறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பிரஷர் இன்னும் ஏறியது. அம்மா கதவுக்கு வெளியே வந்து, "சின்னையா, அவுங்க ராத்திரியில பைபிள எடுத்து வச்சிக்கிட்டு, எனக்கு எந்தெந்தப் பொட்டியில என்னா இருக்குன்னு சொல்லித் தர்றாங்க. எனக்குப் பயமா இருக்கு," என்றார். எனக்கும் கை கால் ஓடவில்லை. மறுபடியும் ஒரு முறை வந்தால் தாங்காது என்று டிஸ்பென்சர் சொல்லியிருந்தார். இன்னும் என்ன சத்தத்தை நிறுத்துவது? ஓடையைத்தான் நிறுத்த வேண்டும்.

பிறகு அந்தப் புதன்கிழமை. விடியற்காலையிலிருந்து மழை. ஈரக் கொழுந்து. மத்தியானம் பெரிய ரோலரின் பெல்ட் அறுந்தது. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம், அதற்குப் பிறகு மொத்த ஸ்டோரும் கம்மென்று ஆகிவிட்டது. பியதாச பாஸ் அதைத் தைக்க உட்கார்ந்தார். அந்தப் பரபரப்பில் குளிர் அறையில் பரப்பிய தூளை நான் மறந்தே போனேன். நினைவு வந்து ஓடியபோது செம்பு நிறம் கடந்து கறுத்துக்கொண்டிருந்தது.

"ஐயா வர்றாங்க," என்றார் மூக்கன். சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து.

இடுப்பில் கட்டிய சாரமும் கம்பளிச் சட்டையும், காதை மூடிய தொப்பியும், கையில் குடையுமாக ஞானமுத்து ஐயா வாசலில் நின்றார். அம்மா பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா நேரே குளிர் அறைக்குப் போனார். ஈரத்துணியை விலக்கினார். இரண்டு கையாலும் தூளை அள்ளி முகத்தைப் புதைத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் தூள் ஒட்டியிருந்தது. ஒரு கை நெஞ்சுக்குப் போயிற்று. நான் மனதுக்குள் எல்லாக் கோயில் சாமியையும் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒன்னு கேக்குறேன். மறைக்காம சொல்லு," என்றார். "டாக்டரு எத்தன நாளுன்னு சொன்னாரு?"

"என்னாதுக்குங்கய்யா?"

"எனக்குடா. எனக்கு எத்தன நாளு?"

"ரெண்டு மாசம்..." என்று ஆரம்பித்தேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும்தான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது. "ஐயோ, லீவுங்கய்யா! லீவு ரெண்டு மாசம்! ஒங்களுக்கு நாளெல்லாம் ஒன்னும் சொல்லல! நல்லா இருப்பீங்கன்னுதான் சொன்னாரு! மனசுக்கு அலைச்சல் குடுக்காதீங்கன்னு சொன்னாரு, அதுக்குத்தான் நாங்க..."

"அதுக்குத்தான்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொழும்புக் குறிப்பு, தொரை, மணிக்குச் சுற்றிய சாக்கு, நாய், டின்.

ஐயா மெதுவாக ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். "மூணாம் நாளே தெரியும்டா," என்றார். "ஒரே மலையில, ஒரே ஆளு, அடுத்தடுத்த நாளு செஞ்சாலும் ரெண்டு தேயிலை ஒன்னாகாது. இருபத்திரண்டு நாளா ஒரே தேயிலையக் கொண்டாந்து குடுத்த. அதுவும் நான் செஞ்சது. எனக்கே குடுத்த. சாகப்போறவனுக்கு அவன் ஆசப்பட்டதக் குடுப்பாங்களே, அப்படின்னு நெனச்சேன். அப்புறம் லொறியத் தள்ளிக்கிட்டுப் போனீங்க பாரு, செருப்பக்கூடக் கழட்டிப்புட்டு. முன்னால நீ ஒருத்தன் கையக் காட்டிக்கிட்டு. பூ மட்டுந்தான் இல்ல. என் ஊர்வலத்துக்கு ஒத்திகை பாக்குறானுங்கன்னு நெனச்சேன்டா!"

மூக்கனுக்கு முதலில் தாங்கவில்லை. புகை அடைத்த இருமல் மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பாக வெடித்தது. சலிக்கும் அறைப் பெண்கள் முந்தானையை விட்டார்கள். மூன்று வாரமாக அடக்கிய சிரிப்பு. அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது. வாய் திறந்தது.

"நோக்கோல்!" என்று கத்தினார். "பெல்ட்டு அந்தா அறுந்து கெடக்குது, தூளு இந்தா கறுக்குது, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிற! மெல்லிசாப் பரப்பச் சொல்லு! மூக்கா, அடுப்பு சூடு எம்புட்டு?"

"ஏறிக் கெடக்குதுங்கய்யா!"

"அப்ப போடு!"

அம்மா அவர் வாயைப் பொத்த ஓடினார். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஸ்டோருக்கே உயிர் வந்ததுபோல இருந்தது. பாஸ் பெல்ட்டைத் தைத்து முடித்தார். அன்றைய தேயிலை மோசம்தான். மறுநாள் காலை அதையே ஒரு கோப்பை கொண்டுபோனேன். உறிஞ்சினார், ஜன்னல் வழியாகத் துப்பினார், முகம் மலர்ந்தது. "ஐயையோ, கழுவின தண்ணி! எங்க தப்புன்னு சொல்றேன், உக்காரு."

டிஸ்பென்சர் வந்து பார்த்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. திரும்ப ஒரு முறை பார்த்தார். பிறகு கருவியைத் தட்டிப் பார்த்தார்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னதை நான் மறக்கவில்லை. பயமும் கோபமும் நெஞ்சை ஓட்டுவது உண்மை, கத்துவதும் நல்லதல்ல. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடக்கிற மனிதனுக்கு அந்த ஓட்டம் இரவும் பகலும் நிற்பதில்லை. நீங்கள் அவருடைய கவலையை எடுக்கவில்லை, அதற்கு ஒரு பெயர் இல்லாமல் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான் என்றார்.

அதன்பின் ஐயா சிகரெட்டைத் தொடவில்லை. உப்புக்கு ஏங்கினார், ஆனால் கேட்கவில்லை. தினமும் ஓடைப் பாலம்வரை நடந்தார். வேலைக்குத் திரும்பியபோது ரோலர் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். காய்கறிகளை உட்கார்ந்தபடி, சாதாரணக் குரலில் சொல்வதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். பென்ஷன் வாங்கிப் போகும்வரை சொல்லிக்கொண்டேதான் இருந்தார். என் மூக்கும் ஒரு வழியாகக் கற்றுக்கொண்டது.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

ஜெயந்தி நானுஓயாப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். பஸ் அரை மணி தாமதமானால் நான் ரோட்டில் நிற்பேன், அதற்கு அவள் என்னைக் கேலி செய்வாள். போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் அவள் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறாள், சிநேகிதி வீட்டில் தங்கியிருக்கிறாள் என்றாள் மனைவி. மறுநாளும் தாள். அதற்கு மறுநாளும். நான் சிநேகிதியைப் பற்றி ஒரு குறை சொன்னேன். "நீங்க சொல்றது சரிதாங்க," என்றாள் மனைவி. அன்றைக்கு அது மூன்றாவது சரி.

மூன்றாம் நாள். ஒரே டின் தேயிலை. என் நெஞ்சு ரோலர் மாதிரி சுற்ற ஆரம்பித்தது.

"அவ உசுரோட இருக்காளா?" என்றேன்.

மனைவியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. மூடுபனியில் பஸ் வழுக்கி ரோட்டோர வடிகால் கானுக்குள் சாய்ந்திருக்கிறது. மண்மேட்டுப் பக்கம்தான், பள்ளத்துப் பக்கம் இல்லை. அவளுக்கு இடது கை எலும்பில் கீறல். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு விட்டுவிட்டார்கள். என் பிரஷருக்காக என்னிடம் சொல்லவில்லை. மாவுக்கட்டோடு அவள் என் கண்ணில் படக்கூடாதென்று, எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? என் தங்கை வீட்டில். பக்கத்து லயத்தில், அடுத்த வீட்டு வரிசையில்! நான் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் நடந்தேன். உள்ளே அவள் மூன்று நாளாக இருமாமல் இருந்திருக்கிறாள்.

ஓடினேன் என்று சொல்லமாட்டேன், டாக்டர் படித்தால் கோபிப்பார். கதவைத் திறந்தவள் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள். மாவுக்கட்டு ஒளியுமா?

"அப்பா, ஒங்க நெஞ்சுக்கு ஏதாச்சும் ஆயிடக்கூடாதுன்னுதாம்ப்பா..."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தும் அசைந்தன. பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. இருபத்தொன்பது வருடத்தில் நான் யாரையும் சொல்லாத சொல்.

"பீட்ரூட்!" என்று கத்தினேன். "நீயும் பீட்ரூட்டு, ஒங்கம்மாவும் பீட்ரூட்டு, ஒன்ன ஒளிச்சு வச்ச ஒங்கத்த ஒரு அவிஞ்ச உருளக்கெழங்கு!"

ஜெயந்திக்கு இந்தக் கதை முழுதும் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்டவள். கட்டுப்போட்ட கையோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள். உள்ளிருந்து என் தங்கை, "யாருக்கிட்ட என்னா பேச்சு பேசுறாரு அண்ணன்!" என்று கத்தினாள். எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாள் பிரஷர் பார்த்தார்கள். கூடத்தான் இருந்தது. மகள் பஸ்ஸோடு சாய்ந்தவனுக்குக் குறைவாகவா இருக்கும்? ஆனால் ஏன் கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடம், கட்டோடு வேலைக்குப் போகக்கூடாது என்று நான் சொல்ல, போவேன் என்று அவள் சொல்ல, அவள் அம்மா நடுவில் வந்து இருவருக்கும் எதிராகப் பேச, ஜெயந்தி நல்ல கையால் கதவை ஓங்கி அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போயிருக்கிறாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்ட எனக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும்.